இரண்டாயிரம் கனகாம்பரப் படகுகள்

என் கணினியில் நிறங்களுக்கான அமைப்புகளை மாற்ற ஒரு பெட்டி திறக்கும். அதில் பதினேழு இடங்களில் எதையாவது தேர்ந்தெடுக்க வேண்டும். எண்ணி வைத்திருக்கிறேன். ஒவ்வோர் இடத்தைத் தட்டினாலும் ஒரு பட்டியல் விரியும். அவற்றில் நீளமான பட்டியலில் நாற்பத்து மூன்று பெயர்கள். என் மகள் அந்தப் பெட்டியைத் திறந்தால் மூன்று விநாடியில் மூடிவிடுவாள். நான் திறந்தால் பக்கத்தில் வைத்த காபி ஆடை கட்டிவிடும்.

நான் முப்பத்தாறு வருடம் அரசு அலுவலகத்தில் வரைவாளராக இருந்தவன். படகு அணையும் ஜெட்டிகள், சிறு பாலங்கள், பள்ளிக்கூடக் கழிப்பறைகள் என்று வரைந்து தள்ளினேன். எல்லாம் கருப்பு மை. நிறம் என் வாழ்க்கைக்குள் வந்தது ஓய்வுக்குப் பிறகுதான். அந்தமானில், கராச்சர்மாவில் எங்கள் வீட்டு முன்னறையில் மகள் வடிவமைப்பு வேலை எடுத்துச் செய்கிறாள்: கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், தங்கும் விடுதிகளுக்கு இணையப் பக்கம். வீட்டில் நாங்கள் இருவர்தான். பிழை பார்ப்பதும் நிறம் பார்ப்பதும் என் பொறுப்பு. சம்பளம் இல்லை. காபி உண்டு, நாளைக்கு நான்கு.

போன அக்டோபரில் ஒரு நாள் காலை, வண்டூரிலிருந்து பஸ் பிடித்து ஒரு பெண்மணி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். வண்டூரில் அவருக்கும் அவர் கணவருக்கும் அடியில் கண்ணாடி பதித்த படகு ஒன்று இருந்தது. சுற்றுலா வருகிறவர்கள் அதில் உட்கார்ந்து காலுக்குக் கீழே பவளத்தையும் மீனையும் பார்க்கலாம். பதினாறு பேர் உட்காரும் படகு. நோட்டீஸ் இரண்டாயிரம் வேண்டும், இணையத்தில் ஒரு பக்கமும் வேண்டும் என்றார்.

"போட்டுக்கு கனகாம்பரக் கலர் அடிச்சாச்சு ஐயா. ஜெட்டில எறங்குறவன் கண்ணு கூசணும். அதுக்குத்தான் அந்தக் கலரு."

"ஏம்மா கண்ணு கூசணும்?" என்று கேட்டேன்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "பதினாலு வருசம் இவரு அவங்க அண்ணன் போட்டத்தான் ஓட்டினாரு. பேரு அண்ணனுக்கு, வேர்வை இவருக்கு. போன வருசம் தனியா வந்துட்டோம். இவரு அண்ணன், எங்க அத்தான், ஜெட்டில அத்தன பேரு முன்னால என்ன சொன்னாரு தெரியுமா? 'பொங்கல் வரைக்கும் டைம்பாஸ் பண்ணுங்க, அப்புறம் புருசனும் பொண்டாட்டியும் எங்கிட்டயே சம்பளத்துக்கு வந்துருவீங்க'ன்னாரு. நான் போகமாட்டேன். ஆனா இந்த சீசன்ல ஆளு ஏறலைன்னா, போகமாட்டேன்னு நான் சொல்லி என்ன, போய்த்தான ஆகணும்?"

மகள் என்னைப் பார்த்தாள். கோயில் நோட்டீஸில் குங்குமம் கொஞ்சம் கருத்துப்போனால் சாமி ஒன்றும் சொல்லாது. இது அப்படி இல்லை.

மறுநாளே வண்டூருக்குப் போனேன். நேரில் பார்க்காத நிறத்தைப் பற்றி நான் பேசுவதில்லை. படகு நின்ற அழகைச் சொல்ல வேண்டும். மழை விட்டிருந்த பகல். பச்சைக் கடல், சாம்பல் வானம், நடுவில் தலை நிறையப் பூ வைத்த மாதிரி அந்தப் படகு. சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. பத்தடி தள்ளி அவர் கணவரின் அண்ணன், மூத்தவரின் படகு நின்றது. இரும்புக் கம்பிக்கு அடிக்கிற துருப் பெயிண்டையே அவர் படகு முழுக்கப் பூசிவிட்டிருந்தார். அப்பட்டமான செங்கல் நிறம். இரண்டிலும் பெயர் பெரிதாக எழுதியிருந்தது. வந்திறங்கியவர்களை ஒரு மணி நேரம் எண்ணினேன். நாற்பத்தொரு பேரில் பெயரை நின்று வாசித்தவர்கள் ஆறு பேர். வங்காளி, குஜராத்தி, வெள்ளைக்காரர் என்று வருகிறவர்களில் எந்த எழுத்தை யார் வாசிக்க?

அங்கேயே முடிவு செய்தேன். நோட்டீஸில் எழுத்தைக் குறைத்து நிறத்தைப் பேசவிட வேண்டும். நடுவில் வெள்ளை இடம், அதில் படகின் படம் மட்டும், கீழே இந்தியிலும் ஆங்கிலத்திலும் ஒரே வரி: இந்த நிறப் படகுக்கு வாருங்கள். நிறம்தான் முகவரி.

"அப்பா, ஐடியா சூப்பர்" என்றாள் மகள். சொல்லிவிட்டு உடனே, "ஆனா அந்த செட்டிங்ஸ் பெட்டிய மட்டும் தொறக்காதீங்க. டிஃபால்ட்லயே போயிருவோம்" என்றாள்.

"முகவரிய டிஃபால்ட்ல எழுதுவியா?"

"நீங்க எண்ணுறத எண்ணவே தனியா ஒரு ஆள் போடணும்பா."

திறந்தேன். நான்கு நாட்கள், பதினாறு காபி. முதலில் இணையப் பக்கம். மகளின் காமிரா எடுத்த படத்தில், பெரும்பாலான போன்கள் காட்டக்கூடியதைவிட அதிக நிறங்கள் இருந்தன. அதற்கென்று ஒரு அகன்ற நிறவெளி, அதாவது காட்டக்கூடிய நிறங்களின் தொகுப்பு. அதை அப்படியே ஏற்றினால் சில போன்கள் புரிந்துகொள்ளும், சில முழிக்கும். எஸ்.ஆர்.ஜி.பி. என்றொரு சின்ன நிறவெளி இருக்கிறது. அது எல்லாப் போன்களுக்கும் தெரிந்த பொதுமொழி. இந்தத் தீவில் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் நாமும் சந்தித்தால் ஓட்டை இந்தியில் பேசிக்கொள்வதில்லையா, அப்படி. எல்லாருடைய சொந்த மொழியையும்விடச் சின்னது, ஆனால் காரியம் நடக்கும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்தது போதாதென்று பஸ் நிறுத்தத்துக்கும் போனேன். காலை ஏழரை மணி, டவுனுக்குப் போகிற கூட்டம். ஒவ்வொருவரிடமும் அவரவர் போனில் எங்கள் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, படகைக் காட்டி, "யே கௌன்ஸா கலர் ஹை?" என்று இந்தியில் நிறத்தைக் கேட்டேன்.

"நாரங்கி" என்றார் ஒரு கண்டக்டர்.

"கமலா" என்றார் மீன்கூடையோடு நின்ற வங்காளி அம்மாள். இந்தியிலும் வங்காளத்திலும் இரண்டும் ஆரஞ்சுதான்.

ஒரு தெலுங்குக்காரர் போனைக் கண்ணருகே கொண்டுபோய், "கனகாம்பரம்" என்றார். அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

"கோரல், அங்கிள்" என்றாள் கல்லூரிப் பெண் ஒருத்தி.

பின்னாலிருந்து ஒரு தமிழ்க்குரல்: "டேய், போனக் குடுத்துறாத. பெருசு கலர் கேட்டே கழட்டிட்டுப் போயிரும்."

பதினொரு போன்கள். ஒன்பதில் சரி, இரண்டில் காய்ந்த பூ. வீட்டுக்கு வந்து படத்தை எஸ்.ஆர்.ஜி.பி.க்கு மாற்றி ஏற்றச் சொன்னேன். மறுநாள் காலை அதே நிறுத்தம், அதே ஆட்கள். என்னைக் கண்டதும் அவர்களே போனை நீட்டினார்கள். பதினொன்றிலும் பூத்துவிட்டது. மீன்கூடை அம்மாள் "கமலா, கமலா, ஏக்தம் பக்கா கமலா!" என்று எனக்காகவே மூன்று முறை சொன்னார். அந்த மமதையில்தான் நான் நோட்டீஸ் பக்கம் திரும்பினேன்.

அச்சு வேறு உலகம். அங்கே ஒளி கிடையாது. நான்கு மை, ஒரு தாள். எந்தத் தாள் என்று கணினிக்குச் சொல்ல வேண்டும். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் மை மேலே உட்கார்ந்திருக்கும். சாதாரணத் தாளில், அச்சுக்காரர்கள் மேப்லித்தோ என்பார்கள், மை உள்ளே ஊறிப் பரவும். பட்டியலில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. நாங்கள் ஆர்ட் பேப்பர் என்று பேசியிருந்தோம். அதற்குரியதைத் தேர்ந்தெடுத்து, பதினான்கு முறை சரிபார்த்து, கோப்பைச் சென்னை அச்சகத்துக்கு அனுப்பினோம். திரையில் கனகாம்பரம் மணந்தது.

அன்று மாலை மழை கொட்டியது. அலமாரியில் பழைய நோட்டீஸ் கட்டு ஒன்று கண்ணில் பட்டது. போன வருடத்தது, ஆர்ட் பேப்பர். நம் ஊர் ஈரத்தில் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்துப் பார்த்தேன், நூறில் முப்பத்தேழு கிழிந்தன. உடனே அச்சகத்துக்குப் போன் போட்டேன். "மெயின்லேண்டு மாதிரி இல்ல சார் இங்க. பளபளப்பு வேண்டாம், மேப்லித்தோவுல அடிங்க." "ஓகே சார்" என்றார் அவர். என்ன முன்யோசனை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு, ஐந்தாவது காபி கேட்டு வாங்கிக் குடித்தேன். தாளை மாற்றினேன். பெட்டியைத் திறக்கவில்லை.

நவம்பர் தொடக்கத்தில் கப்பலில் கட்டு வந்து சேர்ந்தது. கயிற்றை அறுத்து மேல் தாளை எடுத்து வாசலுக்குக் கொண்டுபோனேன். வெயிலில் பார்த்தேன். நிழலில் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுப் பார்த்தேன்.

மகள் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "அப்பா, இது செங்கல்."

"லேசாக் காவி ஏறியிருக்கு."

"செங்கல்பா. நாலு அடுக்குனா சுவரே எழுப்பலாம்."

சாயங்காலம் படகுக்காரம்மா வந்தார். ஒரு தாளைக் கையில் வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ஐயா, இது எங்க அத்தான் போட்டுல்ல?" என்றார்.

இதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

ஆனாலும் அவர் நூறு தாளை எண்ணி வாங்கிக்கொண்டார். விடுதிகளில் கேட்டிருக்கிறார்கள், சும்மா கையை வீசிக்கொண்டு போக முடியாது. "நம்ம படகுதான ஜெட்டில பளிச்சுன்னு நிக்குது. பாத்து வந்துருவாங்க" என்றார். அவர் சொன்னதை அவரே நம்பவில்லை என்று தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை நான் ஜெட்டியில் போய் உட்கார்ந்தேன். நோட்டீஸோடு இறங்கியவர்கள் பதிமூன்று பேர். தாளைப் பார்த்தார்கள், படகுகளைப் பார்த்தார்கள், தாளைப் பார்த்தார்கள். பதினொரு பேர் நேராகச் செங்கல் படகில் ஏறினார்கள். மற்ற இருவர் அதில் இடமில்லை என்பதால் இந்தப் பக்கம் வந்தார்கள்.

மூத்தவர் ஒரு தாளை வாங்கிப் பார்த்தார். நல்ல உயரம், வெற்றிலை போட்ட வாய். அவருக்கு வந்த சிரிப்பில் படகே ஆடியது.

"யாரு அடிச்சது? நீங்களா பெரியவரே? ஷாபாஷ்! எனக்கு இந்த மாதிரி சும்மா வேலை பாத்துக் குடுத்த மனுசனே இல்ல." தம்பி மனைவியின் பக்கம் திரும்பினார். "தாயி, மிச்சம் இருந்தா குடுத்தா. ஓட்டல் ஓட்டலா நானே கொண்டுபோய் வச்சுட்டு வர்றேன். நீ எதுக்கு அலையுற? பொங்கல்தான் கிட்ட வந்துருச்சே."

படகுக்காரம்மா அந்த இருவருக்கும் கைகொடுத்து ஏற்றினார். கணவர் கயிற்றைச் சுற்றிக்கொண்டே கீழே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வீடு திரும்பிய பஸ்ஸில் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி இரண்டு நிறுத்தம் போய்விட்டேன்.

திங்கட்கிழமை அச்சகத்துக்காரரைக் கூப்பிட்டேன். காரணம் சொல்ல அவர் சிரமமே படவில்லை. "சார், நீங்க அனுப்பினது ஆர்ட் பேப்பர் ஃபைல். மேப்லித்தோ மையக் குடிக்கும் சார். புள்ளியெல்லாம் வீங்கிரும். மஜந்தா, அந்த ரோஸ் மை, ஏறி ஆரஞ்சு செங்கல் ஆயிரும். தாள மாத்தினப்ப பட்டியல்ல அந்தத் தாளுக்கான புரொஃபைலும் மாத்தி அனுப்புவீங்கன்னு நெனச்சேன்." முப்பத்தாறு வருடம் அடித்தளத்து மண்ணை மாற்றினால் வரைபடத்தை மாற்ற வேண்டும் என்று மற்றவர்களோடு சண்டை போட்டவன் நான்.

படகுக்காரம்மாவை வரச் சொல்லி, முன்னறையில் உட்கார வைத்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன். மறுபடி அச்சடித்துக் கப்பலில் வருவதற்குள் சீசனின் நல்ல வாரங்கள் எல்லாம் போய்விடும் என்றும் சொன்னேன்.

"அழுவாதீங்க ஐயா" என்றார் அவர்.

நான் அழவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்று பேரும் யோசித்தோம். மகள் சொன்னாள்: "பேசாம போட்டுக்குச் செங்கல் அடிச்சிருங்களேன்."

"அப்புறம் அத்தானுக்கு ரெண்டு போட்டு ஆயிரும். ஒண்ணுக்கே தாங்க முடியல."

நான் வீட்டுப் பிரிண்டரில் குட்டிக் குட்டிப் படகுகள் அச்சடித்து, வெட்டி மேலே ஒட்டிவிடலாம் என்றேன். பெட்டியைத் திறந்தேன். ஆறு அமைப்புகள், ஆறு அச்சு. வரிசையாக மேசையில் வைத்தேன்.

படகுக்காரம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். "இது சாம்பார். இது ரசம். இது நேத்து வச்ச மீன் கொழம்பு. இது என்ன, பால் ஊத்தின டீயா?"

ஐந்தாவதும் ஆறாவதும் எனக்கே பெயர் சொல்ல வரவில்லை. ஏழாவது முயற்சிக்குக் கையைக் கொண்டுபோனேன்.

"எதுக்கு ஐயா கலரத் தேடிக்கிட்டே இருக்கீங்க?" என்றார் அவர், சலிப்போடு. "டப்பால மிச்சம் கெடக்குதே."

"எந்த டப்பா?"

"போட்டுக்கு அடிச்ச பெயிண்ட்டு. ரெண்டு லிட்டர் இருக்கும். கல்யாணப் பத்திரிகையில மஞ்சளத் தொட்டு வைக்கிறோமில்ல, அந்த மாதிரி தொட்டு வச்சுருவோம்."

அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் நோட்டீஸை எடுத்தேன். வெள்ளை இடத்தின் நடுவில் அச்சான படகின் உடல், சரியாக என் கட்டைவிரல் நீளம். விரலைப் படுக்க வைத்தேன். முன்பக்கம் கூர்மை, பின்பக்கம் அகலம். விரல் என்பதே ஒரு படகு! எழுபத்து நான்கு வருடம் கூடவே வைத்துக்கொண்டு கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

எழுந்து நடக்கத் தொடங்கினேன். மூலத்துக்கும் நகலுக்கும் நிறம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று அளக்க ஓர் எண் உண்டு. உலகத்தில் எல்லா அச்சகங்களும் அந்த எண்ணைக் குறைக்கத்தான் பாடுபடுகின்றன. இரண்டு வந்தால் பாராட்டு, ஒன்று வந்தால் விருந்து. இங்கே படகிலிருப்பதும் அதே பெயிண்ட், தாளிலிருப்பதும் அதே பெயிண்ட். விலகல் பூஜ்யம். புரொஃபைல் இல்லை, மாற்றம் இல்லை, பதினேழு இடங்களில் ஒன்றையும் தொட வேண்டாம்.

"அப்பா எதுக்கு ரூமச் சுத்தி நடக்குறாரு?" என்றாள் மகள்.

"பூஜ்யம்!" என்றேன்.

செவ்வாய்க்கிழமை டப்பா வந்தது. கூடவே கணவரும் வந்தார். பேசாத மனிதர். நான் முந்தின நாளே வீட்டின் தரைப்படம் வரைந்து, எந்த அறையில் எத்தனை தாள் என்று குறித்து வைத்திருந்தேன். பெயிண்ட் காயும்வரை தாளைத் தாள் மேல் போட முடியாது. ஆனால் ஓடு வேய்கிற மாதிரி, படகு மட்டும் தெரியும்படி அடுக்கினால் வரிசைக்கு நாற்பது. முன்னறையில் பதினெட்டு வரிசை, கூடத்தில் இருபது, என் கட்டிலில் நான்கு, மிச்சம் சமையலறை. நடக்க ஓரடி அகலத்தில் ஒரு பாதை விட்டேன். விடுதிகளுக்குக் கொடுத்த நூறில் திருப்பி வாங்க முடிந்தது எழுபத்தாறு, அவையும் சேர்ந்தன.

பூசத் தொடங்கினோம். விரலைத் தட்டில் தொட்டு, ஓரத்தில் வழித்து, செங்கல் படகின் மேல் படுக்க வைத்து, நேராகத் தூக்க வேண்டும். இழுத்தால் வால் முளைக்கும். நல்லபடியாக விழுந்தால் விரல் ரேகைகள் படகின் பலகைக் கோடுகள் மாதிரியே தெரிந்தன. அதைக் கண்டுபிடித்து நான் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலைத் திறந்தார்.

கணவர் முதல் தாளில் கட்டைவிரலை வைத்து எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். பதினான்கு வருடம் சக்கரம் பிடித்த விரல். வெள்ளை இடமே மறைந்துவிட்டது.

"இது போட்டு இல்ல, மெயின்லேண்டு கப்பலு!" என்றார் மனைவி. "எந்திரிங்க, எந்திரிங்க. நீங்க அடுக்குற வேலையப் பாருங்க."

கணவர் வாயைத் திறந்து சிரித்ததை நான் முதல்முறையாகப் பார்த்தேன். அந்தக் கப்பல் தாளை நான் எடுத்து வைத்துக்கொண்டேன்.

எனாமல் பெயிண்டின் வாடை வீட்டை நிறைத்தது. ஜன்னல்கள் ஏழையும் திறந்துவிட்டும் போகவில்லை. மூன்றாவது மணி நேரத்தில் யார் எதைச் சொன்னாலும் சிரிப்பு வந்தது. மகள் "முந்நூத்திப் பன்னெண்டு" என்றாள். அதற்கு ஐந்து நிமிடம் சிரித்தோம். ஏன் என்று இன்றுவரை தெரியவில்லை. படகுக்காரம்மா ஒவ்வொரு தாளுக்கும் ஒரு வாக்கியம் சொல்லத் தொடங்கினார். "இதுல அத்தான் ஏறுவாரு. இதுல அத்தான் மாமியாரு. இதுல அத்தானுக்குக் கடன் குடுத்தவன்." கணவர் கூடத்திலிருந்து, "போதும்டி, அண்ணன் குடும்பமே நம்ம போட்டுல ஏறிருச்சு" என்றார். அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம். நான் தரையில் உட்கார்ந்து, சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். பின்னால் சுவரில் சாய்ந்த இடத்திலும் கைவைத்த இடத்திலும் படகுகள் விழுந்திருந்தன. பதினொன்று.

சமையலுக்கு வழியில்லை, அடுப்பைச் சுற்றியும் ஓடு வேய்ந்திருந்தோம். பரோட்டா வாங்கி வந்து வாசலில் நின்று சாப்பிட்டோம். புதன்கிழமை மதியம் கடைசித் தாள். கெட்டுப்போனவை முப்பத்தொன்று.

அடுத்தது ஈரம். டப்பாவில் எட்டு மணி நேரத்தில் காயும் என்று போட்டிருந்தது. அதை எழுதியவர் அந்தமானுக்கு வந்ததில்லை. வியாழக்கிழமை விரலை வைத்துப் பார்த்தேன்; ஒட்டியது. வெள்ளிக்கிழமை காலை முழுக்க மணிக்கொரு முறை பார்த்தேன். மகள், "அப்பா, நீங்க தொட்டுத் தொட்டே அது காயல" என்றாள். மின்விசிறிகள் நான்கும் சுழன்றன. சனிக்கிழமை மேலே ஏடு கட்டியிருந்தது. அழுத்தினால் மட்டும் விரலில் வந்தது. இதற்கு மேல் காத்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். படகுக்காரம்மா நடுவில் டிரேசிங் தாள் வைத்துக் கட்டி, விடுதி விடுதியாகக் கொண்டுபோய் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கே தயாராகிவிட்டேன். சட்டைப் பித்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன். வானம் வெளுத்திருந்தது. கனகாம்பரப் படகு காலியாக நின்றது. செங்கல் படகில் மூத்தவர் இருக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க பெரியவரே, வாங்க. இன்னிக்கு எத்தன பேரு எனக்குக் கொண்டாந்தீங்க?"

நான் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் ஒரு குடும்பம் இறங்கியது. அப்பா, அம்மா, ஏழெட்டு வயதுப் பெண். தாள் அந்தப் பெண்ணின் கையில்தான் இருந்தது. அவள் நின்று, படகுகளைப் பார்த்து, தன் விரல் நுனியைப் பார்த்தாள். விரலிலும் கனகாம்பரம் ஒட்டியிருந்தது. அப்புறம் ஓடினாள். ஓடி வந்து கனகாம்பரப் படகின் ஓரத்தில் விரலை வைத்து, "பப்பா, தேக்கோ! சேம் சேம்!" என்று கத்தினாள்.

விலகல் பூஜ்யம்.

அதற்குப் பிறகு வேனில் ஒரு கூட்டம், காரில் ஒரு கூட்டம். எல்லாருடைய கையிலும் தாள். பாதிப் பேருடைய விரலில் நிறம். ஒரு வெள்ளைக்காரர் மூக்கிலும் வைத்துக்கொண்டிருந்தார். ஒருவர்கூடத் தயங்கவில்லை. எட்டு, பதினொன்று, பதினாறு. படகுக்காரம்மா கையை நீட்டி வழியை மறித்தார். "ஃபுல் ஹோ கயா, ஃபுல்!" இன்னும் ஐந்து பேர் ஜெட்டியில் நின்றார்கள். ஐந்து பேர் கையிலும் நோட்டீஸ். அடுத்த சுற்று இரண்டு மணி நேரம் கழித்துத்தான். அவர்களுக்கு மதியம் விமானம் இருந்தது.

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு மூத்தவரின் படகைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அத்தான், அஞ்சு பேரு எனக்கு அதிகமா இருக்காங்க. அனுப்பட்டா?"

மூத்தவர் துணியைப் பிழிந்துகொண்டே நின்றார். அவர் படகில் மூன்று பேர்தான் இருந்தார்கள். வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"உங்க ஆளுங்கள நான் எதுக்கு ஏத்தணும்?"

"வேணாம்னா சொல்லுங்க. காத்திருக்கட்டும்."

"யாரு வேணாம்னா? சொல்லிட்டிருக்கும்போதே..." அவர் பலகையை எடுத்து ஜெட்டியில் போட்டார். "அனுப்பு."

கணவர் இயந்திரத்தைக் கிளப்பினார். படகுக்காரம்மா தாவி ஏறி, பதினாறு பேருக்கு நடுவில் நின்று, என்னைப் பார்த்துக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். கனகாம்பரப் படகு வெளுத்த கடலில் இறங்கியது. சற்றுப் பொறுத்துச் செங்கல் படகும் கிளம்பியது. அதில் அந்த ஐந்து பேரும் மூத்தவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நோட்டீஸை மடியில் வைத்துக்கொண்டு, முன்னால் போகும் படகையே பார்த்துக்கொண்டு போனார்கள்.